புதிய அரசு மீது இவ்வளவு சீக்கிரம் கோபப்படுவது நியாயமா?

கேள்வி இதுதான்: "மாற்றம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டோம். ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் சலிப்போடு பேசுகிறார்கள். ஆதரவாளர்களோ 'இப்போதுதானே வந்திருக்கிறார்கள், அவகாசம் கொடுங்கள்' என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் எல்லாக் குறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகின்றன. அந்த மூட்டையைப் பிரித்தால்தான் பதில் கிடைக்கும். பணமும் காலமும் தேவைப்படும் காரியங்கள் ஒரு பக்கம். பணமே தேவைப்படாத, ஒரு கையெழுத்தில் முடிகிற காரியங்கள் இன்னொரு பக்கம். முதல் வகைக்கு நியாயமான அவகாசம் கொடுக்கலாம். இரண்டாவது வகைக்கு ஒரு மாதம்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதல் வருடத்தில் ஒரு அரசை எடைபோட இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல அரசு வந்தாலும் கொஞ்சம் செல்வாக்குச் சரிவு வரத்தான் செய்யும். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1970இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு எளிய காரணம் சொன்னார். ஆட்சியில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் யாரோ ஒரு சிறு பிரிவினரைச் சங்கடப்படுத்துகிறது. அந்தச் சிறு சிறு அதிருப்திகள் சேர்ந்துகொண்டே போகின்றன, கரைவதில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை இந்தச் சிக்கல் இல்லை. வரி குறைய வேண்டும் என்பவரும், மானியம் கூட வேண்டும் என்பவரும், பழைய ஆட்சி போனால் போதும் என்பவரும் ஒரே சின்னத்தில் ஓட்டுப் போடுவார்கள். பதவியேற்ற மறுநாள் அந்தக் கட்சி இவர்களில் யாராவது ஒருவரை ஏமாற்றியே ஆக வேண்டும்.

வெற்றியின் அளவும் கண்ணை மறைக்கிறது. பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று நடந்த தேர்தலில் தொழிற்கட்சி 650 இடங்களில் 411ஐப் பிடித்தது. வரலாறு காணாத அலை என்று எழுதினார்கள். பதிவான வாக்குகளில் அதன் பங்கு சுமார் 34 சதவீதம்தான். வாக்களிக்க வராதவர்களையும் கணக்கில் சேர்த்தால், வாக்குரிமை உள்ள ஐந்து பேரில் ஒருவர்தான் அந்த அரசைத் தேர்ந்தெடுத்தார். அப்படிப்பட்ட அரசு ஆறு மாதத்தில் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தது என்று சொல்வது பாதிதான் சரி. பெரும்பாலானவர்கள் முதல் நாளே அதன் பக்கம் இருக்கவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சலித்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் நம்பி ஓட்டுப் போட்டவர்கள்? அவர்களுடைய கோபம்தான் முக்கியமானது, அரசு பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

இனி பணத்துக்கு வருவோம். புதிதாக வந்தவர் கையில் கிடைப்பது ஏற்கெனவே முக்கால்வாசி செலவழிந்த பட்ஜெட். இந்திய ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் 12.76 லட்சம் கோடி, அதாவது ரூபாய்க்கு இருபத்தைந்து காசு, பழைய கடனுக்கு வட்டி மட்டும். அதற்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், ராணுவம், உணவு மானியம், உர மானியம், மாநிலங்களுக்குக் கொடுக்க வேண்டியது. இவற்றில் எதையும் புதிய நிதியமைச்சர் விரும்பினாலும் அந்த ஆண்டே வெட்ட முடியாது. மாநிலங்களின் நிலையும் ஏறக்குறைய இதேதான். சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் சேர்ந்து வருவாயில் பாதியைத் தின்றுவிடுகின்றன. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி, மே மாதம் ஆட்சி மாறினால், முந்தைய அரசு போட்ட இடைக்கால பட்ஜெட்டில்தான் முதல் சில மாதங்கள் ஓடும்.

அதற்குப் பிறகும் ஒரு வாக்குறுதி நேராக உங்கள் வாசலுக்கு வந்துவிடாது. ஒரு மருத்துவமனைக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத்தில் அறிவிப்பு, அரசாணை, நிலம், மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர், டெண்டரில் தோற்றவர் போடும் வழக்கு, பிறகுதான் அஸ்திவாரம். கட்டி முடித்தாலும் மருத்துவர் பணியிடங்களை நிரப்ப இன்னொரு சுற்று. நேர்மையாக வேகமாக நடந்தாலே இரண்டு மூன்று வருடம் ஆகும். பத்து மாதத்தில் "எங்கே கட்டடம்?" என்று கேட்பவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் கேள்வி தவறு. "அரசாணை வந்துவிட்டதா, இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?" என்பதுதான் பத்தாவது மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஒதுக்கீடே இல்லை என்றால் அது தாமதம் இல்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்.

ஆகவே "கஜானா காலி" என்ற சமாதானத்தை முழுக்கப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதை எப்போது சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். அதே பிரிட்டன் அரசு பதவியேற்ற மாதமே, ஜூலை 29 அன்று, முந்தைய ஆட்சி 2200 கோடி பவுண்ட் பற்றாக்குறையை விட்டுச் சென்றிருக்கிறது என்று அறிவித்தது. அதே நாளில் முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் கொடுத்துவந்த எரிபொருள் உதவித்தொகையையும் வெட்டியது. சுமார் ஒரு கோடி ஓய்வூதியர்கள் 200 முதல் 300 பவுண்ட் வரை இழந்தார்கள். தேர்தல் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நிதி நிலைமை மோசம், இரண்டு பெரிய கட்சிகளும் அதைப் பேச மறுக்கின்றன என்று நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ் தேர்தலுக்கு முன்பே எச்சரித்துக்கொண்டிருந்தது. உதவித்தொகையை வெட்டியதில் மிச்சமானதோ அந்நாட்டு அரசின் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. 2025 ஜூனில் அரசே பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் உள்ளவர்களுக்கு உதவித்தொகையைத் திரும்பக் கொடுப்பதாக அறிவித்தது. சேமித்த பணம் பெரும்பாலும் போய்விட்டது, இழந்த நம்பிக்கை திரும்பவில்லை. தேர்தல் மேடையில் கஷ்டத்தை மறைத்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிற அரசு மீது வரும் கோபம் முற்றிலும் நியாயமானது. அந்தக் கணக்கைத் தேர்தலுக்கு முன் மக்களிடம் சொல்ல ஒரு பைசா செலவாகியிருக்காது.

வாக்குறுதிகளை எண்ணிப் பார்ப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான விவாதம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது. பன்னிரண்டு நாடுகளில் கட்சிகள் கொடுத்த 20,000க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கூட்டு ஆய்வு வெளிவந்தது. தனித்துப் பெரும்பான்மை பெற்ற கட்சிகள் தங்கள் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றை முழுதாகவோ ஓரளவோ நிறைவேற்றுகின்றன என்பது அதன் முடிவு. மக்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது. காரணத்தை ஊகிக்க முடியும்: நிறைவேறுவதில் பல, யாருக்கும் நினைவில்லாத சிறிய வாக்குறுதிகள். கட்சியைக் கோட்டைக்கு அனுப்பிய ஓரிரு பெரிய வாக்குறுதிகளைத்தான் மக்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆளுங்கட்சி "இத்தனை சதவீதம் முடித்துவிட்டோம்" என்று பட்டியல் வாசிக்கும்போது, அது பொய்யாக இல்லாமலேயே ஏமாற்றாக இருக்க முடியும்.

சொன்னதைச் சொன்னபடி, சொன்ன வேகத்தில் செய்வதே ஆபத்தாக முடிந்த கதையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 2019 நவம்பர் 16 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52 சதவீத வாக்குகளோடு வென்றார். வரிக் குறைப்பு அவருடைய முக்கிய வாக்குறுதி. இரண்டு வாரத்தில் நிறைவேற்றினார்: டிசம்பர் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது, வேறு சில வரிகள் முழுதாக எடுக்கப்பட்டன. அப்போது அவரை யாரும் மெத்தனமானவர் என்று சொல்லவில்லை. அதன்பின் பெருந்தொற்று வந்தது. நாட்டு வருமானத்தில் சுமார் 12 சதவீதமாக இருந்த வரி வருவாய் 2021இல் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அரசு அறிவித்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் விடிய விடிய வரிசை. ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள்; அவர் நாட்டை விட்டே ஓடினார். கடன் சுமை பல ஆட்சிகளாகச் சேர்ந்தது, தொற்றும் ஒரு காரணம், ரசாயன உரத்தைத் தடுத்து இயற்கை உரம் மட்டும் போதும் என்று எடுத்த முடிவும் ஒரு காரணம். ஆனால் முதல் மாதத்தில் கைதட்டு வாங்கிய அந்த வேகத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாமதம் ஆகிறது என்பதற்காக மட்டும் ஒரு அரசைக் குறை சொல்லும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, பணம் தேவைப்படாத காரியங்கள் எவை? யாரை எந்தப் பொறுப்பில் நியமிக்கிறார்கள். டெண்டர் யாருக்குப் போகிறது. அதிகாரிகளின் இடமாற்றம் தகுதியைப் பார்த்து நடக்கிறதா, சிபாரிசைப் பார்த்து நடக்கிறதா. ஆளுங்கட்சிக்காரர் மீது புகார் போனால் காவல் நிலையம் அதை வாங்குகிறதா. கேட்ட தகவலைக் கொடுக்கிறார்களா. சட்டமன்றத்தைக் கூட்டி விவாதிக்கிறார்களா, அல்லது அவசரச் சட்டங்களில் வண்டி ஓட்டுகிறார்களா. கட்சிக்குள் நாற்காலிச் சண்டை நடக்கிறதா. இவற்றில் எதற்கும் கஜானா நிறைந்திருக்க வேண்டியதில்லை, முந்தைய அரசைக் கைகாட்டவும் முடியாது. ஒரு அரசின் குணம் இங்கேதான் தெரியும், அதுவும் சீக்கிரமே தெரியும்.

1997இல் பிரிட்டனில் தொழிற்கட்சி வென்ற ஐந்தாவது நாள், நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வட்டி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய வங்கியிடமே கொடுத்துவிட்டார். முதல் இரண்டு ஆண்டுகள் முந்தைய ஆட்சியின் செலவு வரம்பைத் தாண்ட மாட்டோம் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மக்களும் அதற்குப் பொறுத்திருந்தார்கள். வட்டி விகித அதிகாரத்தைக் கொடுத்த முடிவு சரியா என்று பொருளாதாரக்காரர்கள் விவாதிக்கலாம். தன் கையில் இருந்த ஒரு அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்தது ஒரு அடையாளம், அதற்குச் செலவு ஏதுமில்லை.

இதற்கு எதிர்த் திசையில் இலங்கையின் 2015. அந்த ஜனவரி 8 தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றபோது எழுந்த எதிர்பார்ப்பு சாதாரணமானதில்லை. ராஜபக்ச குடும்ப ஆட்சி போய் நல்லாட்சி வருகிறது என்று தமிழர்களும் முஸ்லிம்களும் சிங்களவர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். நூறு நாள் வேலைத்திட்டம் அறிவித்தார்கள், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கும் 19ஆவது திருத்தத்தை ஏப்ரல் 28 அன்று நிறைவேற்றினார்கள். மறுவருடம் தகவல் அறியும் சட்டமும் வந்தது. இவை உண்மையான சாதனைகள். ஆனால் பதவியேற்ற ஏழாவது வாரமே, பிப்ரவரி 27 அன்று, மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கு என்று அறிவித்த கடன் பத்திர ஏலத்தில் 1000 கோடி ரூபாய்க்கு ஏற்றுக்கொண்டது. பெரும் பயன் அடைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனம், புதிதாக நியமிக்கப்பட்ட மத்திய வங்கி ஆளுநரின் மருமகனோடு தொடர்புடையது. ஊழலை ஒழிக்க வந்த அரசு தன் முதல் பெரிய நியமனத்திலேயே இடறியது. அதன்பின் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் நடந்த பனிப்போர், 2018 அக்டோபரில் பிரதமரையே நீக்கி அரசியலமைப்பு நெருக்கடி வரை போனது. மக்கள் வெறுத்துப்போனதற்கு வருமானக் குறைவைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் முடிந்ததும் எந்தக் குடும்பத்தை வெளியேற்றினார்களோ அதையே திரும்ப அழைத்தார்கள். 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் வந்து, 19ஆவது திருத்தம் கட்டிவைத்த தடுப்புகளைத் தகர்த்தது.

இந்தியாவில் 1977 ஜனதா அரசு இதே பாடத்தை இன்னும் வேதனையாகச் சொல்கிறது. நெருக்கடி நிலையை எதிர்த்து வந்த அந்த அரசு, சுமார் இரண்டு மாதத்தில், நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரிக்க ஷா ஆணையத்தை அமைத்தது. 44ஆவது திருத்தத்தின் மூலம், இனி எந்த அரசும் வெறும் "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி நெருக்கடி நிலையைக் கொண்டுவர முடியாதபடி செய்தது; உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்று எழுதிவைத்தது. இன்றும் நமக்குக் காவலாக இருக்கும் திருத்தம் அது. ஆனால் மொரார்ஜி தேசாய்க்கும் சரண் சிங்குக்கும் நடந்த சண்டையில் 1979 ஜூலையில் அரசு கவிழ்ந்தது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி 353 இடங்களோடு திரும்பி வந்தார். அவ்வளவு பெரிய வேலை செய்த அரசை மக்கள் மூன்றே வருடத்தில் தூக்கி எறிந்தது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மக்களைக் குறை சொல்ல மாட்டேன். சண்டை போடாமல் இருப்பதற்கு எந்த பட்ஜெட்டும் தேவையில்லை.

"முந்தைய ஆட்சியிலும் இதுதானே நடந்தது, அப்போது எங்கே போனீர்கள்?" என்று ஒரு வாதம் வரும். இதை நான் அறவே ஏற்க மாட்டேன். முந்தைய ஆட்சியில் அது நடந்ததால்தான் இவர்களுக்கு ஓட்டுக் கிடைத்தது.

அதே சமயம் கோபம் எங்கே போய் இறங்குகிறது என்பதில் எனக்குக் கவலை உண்டு. ஒரு அரசு மீதான வெறுப்பு, "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்ற விரக்தியாக மாறி, அங்கிருந்து "ஓட்டே வேண்டாம், ஒரு கண்டிப்பான ஆள் வந்தால் போதும்" என்று போய்விடுகிறது. வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் 2011 புரட்சிக்குப் பிறகு பத்து ஆண்டுகளில் அரசுகள் அடுத்தடுத்து மாறின, வேலையின்மை மட்டும் மாறவில்லை. 2021 ஜூலை 25 அன்று ஜனாதிபதி கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அதன்பின் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 11 சதவீதம். வேலையும் வரவில்லை, கேள்வி கேட்கும் இடமும் போய்விட்டது.

அப்படியானால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொதுவாகத் திட்டுவதால் அரசுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அடுத்த தேர்தல்வரை அது தாங்கிக்கொள்ளும். உங்களை நேரடியாகப் பாதிக்கிற ஒரே ஒரு வாக்குறுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாணை வந்ததா, எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த அலுவலகம் பொறுப்பு என்று கேளுங்கள். பட்ஜெட்டில் ஒதுக்கியதையும், அடுத்த பட்ஜெட்டில் வரும் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் பெரிய தொகையாகவும் பிறகு சத்தமில்லாமல் சிறிய தொகையாகவும் இருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். தொகுதி உறுப்பினரிடம் பத்துப் பேர் சேர்ந்து போய், கையில் எண்ணோடு கேட்டால், அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அந்தத் தகவல் உரிமைச் சட்டமே இப்படி வந்ததுதான். ராஜஸ்தான் கிராமங்களில், வேலை செய்த கூலி எங்கே போனது என்று கணக்குக் கேட்ட விவசாயக் கூலிகள் தொடங்கிய போராட்டம் அது. அவர்களுடைய அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1990களின் நடுவில் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தியது, பியாவர் நகரில் நாள்கணக்கில் தர்ணா இருந்தது. 2004 மே மாதம் மன்மோகன் சிங் அரசு வந்தபோது, கூட்டணிக் கட்சிகள் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில் தகவல் உரிமை பற்றி ஒரு வாக்குறுதி இருந்தது. ஆனால் டிசம்பரில் அரசு கொண்டுவந்த மசோதா மாநில அரசுகளைத் தொடவே இல்லை. இயக்கத்தினர் "புதிய அரசுதானே" என்று பொறுத்திருக்கவும் இல்லை, "இவர்களும் இப்படித்தான்" என்று விலகிப் போகவும் இல்லை. ஒவ்வொரு பிரிவாக எடுத்துவைத்துக் கேட்டார்கள், எம்.பி.க்களையும், மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவையும் விடாமல் சந்தித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களோடு மசோதா உருமாறி, மாநிலங்களையும் உள்ளே கொண்டுவந்து, 2005 மே 11 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அப்போது அந்த அரசுக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்கவில்லை.